அணுகுண்டின் சாம்பலைக் கணக்கிட்ட கோத்தாரி

அணுகுண்டு இல்லாத நாடு ஒன்று, அணுகுண்டின் தீங்குகளைத் தொகுத்து 1956-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. அந்த நாடு இந்தியா. அணுகுண்டு வெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் விளக்கிய அந்நூலை உருவாக்கியவர் இயற்பியல் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரி. அப்போது அவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்தார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

கோத்தாரி என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1964-66 கல்விக் குழுவே. சித்தூர் மாவட்டத்தின் புத்தலப்பட்டு போன்ற ஊர்களின் மாணவர்கள் வரை அறிந்த 10+2+3 படிப்பு முறை, அக்குழுவின் பரிந்துரை. அந்தப் புகழில் அவரது முந்தைய பணி மறைந்துபோனது.

1906 ஜூலை 6 அன்று உதய்ப்பூரில் பிறந்த அவர், அலகாபாத்தில் மேக்நாத் சாகாவிடமும், பின்னர் கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்திலும் பயின்றார். 1934 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். விண்மீன்களின் உள்ளே பேரழுத்தத்தில் பொருள் எந்நிலை அடைகிறது என்பதே அவரது ஆய்வுத் துறை. 1948-இல் பாதுகாப்பு அமைச்சகம் அவரை அழைத்துக்கொண்டது.

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றைச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. வெடிப்பில் பொடியான பவளப்பாறை, கதிரியக்கச் சாம்பலாக ரோங்கெலாப் தீவின் குடியிருப்புகள் மீது பொழிந்தது. இரண்டு நாள் கழித்தே மக்கள் வெளியேற்றப்பட்டனர். அனைவரும் நலம் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் அறிவித்தது. பின்னர் அவர்களின் தோல் புண்ணானது, முடி உதிர்ந்தது. பிற்காலத்தில் பலருக்குத் தைராய்டு கட்டிகளும் தோன்றின. அதே சாம்பலில் சிக்கிய ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேரில் ஒருவர் செப்டம்பரில் உயிரிழந்தார்.

ஏப்ரல் 2 அன்று பிரதமர் நேரு, சோதனைகளை நிறுத்தி வைக்குமாறு மக்களவையில் வலியுறுத்தினார். வேண்டுகோளுக்கு அறிவியல் ஆதாரம் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு கோத்தாரியிடம் வந்தது. வெளியாகியிருந்த ஆய்வுகளைத் திரட்டி, ஹோமி பாபா, புற்றுநோய் ஆய்வாளர் வி.ஆர். கனோல்கர் ஆகியோரின் பங்களிப்புடன் நூலை முடித்தார். நேரு அணிந்துரை எழுதினார்.

அக்காலத்தில் அறிவியலாளர்களை அதிகம் கவலைகொள்ள வைத்த பொருள் ஸ்ட்ரான்சியம்-90. பாதி சிதைய ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும் இது, வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்தது. ஆகவே புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தையின் எலும்புக்கும் செல்கிறது. பெரிய குண்டுகள் இதை வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு வீசிவிடுகின்றன. அங்கிருந்து காற்று அதை உலகெங்கும் கொண்டுசென்று இறக்குகிறது. புத்தலப்பட்டு இருக்கும் அதே வட்டாரத்தில், திருப்பதி அருகே காதங்கியில் உள்ள ரேடார் இன்று அளப்பது அத்தகைய உயரக் காற்றுகளைத்தான்.

ஆகவே குண்டு எங்கோ வெடித்தாலும் அது அயலார் விவகாரம் அன்று. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய 1955-இல் ஐ.நா. அமைத்த அறிவியல் குழுவில் இந்தியாவும் தொடக்க உறுப்பினர். பாலைவிட அரிசியை நம்பி வாழும் மக்களின் உடலில் கால்சியத்துடன் ஒப்பிடுகையில் ஸ்ட்ரான்சியத்தின் அளவு கூடக்கூடும் என்பதை அக்குழுவின் 1958 அறிக்கை கணக்கில் எடுத்துக்கொண்டது. சோறுண்ணும் தென்னிந்தியருக்கு அது வெறும் புள்ளிவிவரமாக இருந்திருக்க முடியாது.

1963-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிட ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவும் கையெழுத்திட்டது. நிலத்தடிச் சோதனைக்கு அதில் தடை இல்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா நடத்தியதும் அதுவே.

அப்போது கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தில் இல்லை. 1961-லேயே அப்பணியிலிருந்து விலகி, 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். 1993 பிப்ரவரி 4 அன்று தம் 86-ஆவது வயதில் காலமானார்.