மோனிக்கா அம்மையாரின் மன்றாட்டு

மேலைநாட்டுத் தன்வரலாற்று இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்பெறுவது அகுஸ்தீன் இலத்தீனில் இயற்றிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூல். 397ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கப்பெற்ற அதன் 13 பகுதிகளிலும் அவர்தம் அன்னையின் பெயர் ஒரேயொரு முறைதான் வருகின்றது. மற்ற இடங்களிலெல்லாம் தாய் என்றே சுட்டப்பெறும் அப்பெருமாட்டி, 9ஆம் பகுதியின் முடிவில், தமக்காக இறைவனை வேண்டுமாறு படிப்போரை மகன் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் மோனிக்கா என்னும் பெயரோடு தோன்றுகிறார். பிறருக்காக மன்றாடியே வாழ்நாளைக் கழித்தவர், பிறர் மன்றாட்டுக்கு உரியவராகும்போதுதான் பெயர் பெறுகின்றார்.

ஏறத்தாழ 331இல் பிறந்த அவர், உரோமையர் ஆட்சிக்குட்பட்ட வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் இல்லறம் நடத்தினார். இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர் அது. கணவர் பத்ரீசியுஸ் கடுஞ்சினத்தர், பரத்தமை உடையவர், கிறித்தவரும் அல்லர். மோனிக்கா அவரைச் சொல்லாடி வெல்ல முயலவில்லை, பொறுத்திருந்தார். தம் இறுதிக் காலத்தில் கணவர் திருமுழுக்குப் பெற்றார். அந்தப் பொறுமையை அப்படியே பெண்டிர்க்கு அறமென ஓதுதல் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் மகனுக்காகப் பின்னர் அவர் நடத்திய நெடும் போராட்டத்துக்கு அதுவே பயிற்சிக் களமாயிற்று.

கார்த்தேஜ் நகருக்குக் கல்வி கற்கச் சென்ற அகுஸ்தீன் 19ஆம் அகவையில் மானிக்கேயக் கொள்கையைத் தழுவினார். மோனிக்கா மகனைத் தம்மோடு உணவருந்தவும் ஒப்பவில்லை. அந்நிலையில் அவருக்கு ஒரு கனவு வந்தது. அழுதுகொண்டு மரச்சட்டம் ஒன்றின்மீது நின்ற தம்மிடம் ஒளி பொருந்திய இளைஞர் ஒருவர் வந்து தேற்ற, திரும்பிப் பார்க்கையில் மகனும் அதே சட்டத்தின்மீது அருகில் நிற்கக் கண்டார். தாயே தம் கொள்கைக்கு வரப்போவதாக மகன் அதற்குப் பொருள் கூறினார். நாவன்மை மிக்க அம்மகனை மோனிக்கா நொடியில் மறுத்தார்: மகன் இருக்குமிடத்தில் தாம் இருப்பதாக அன்று, தாம் இருக்குமிடத்தில் மகன் இருப்பதாகவே அறிவிக்கப்பட்டதாம். கனவைக் காட்டிலும் இம்மறுமொழியே தம்மை அசைத்தது என அகுஸ்தீன் பின்னர் எழுதினார். மகனோடு வாதிட ஆயர் ஒருவரை மோனிக்கா வேண்டியபோது, அவர் மறுத்து, மன்றாடினால் போதும் என்றார். மீண்டும் அழுது நின்ற தாயிடம் சலிப்புற்ற ஆயர், இத்துணைக் கண்ணீருக்கு உரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று கூறி அனுப்பிவிட்டார்.

383இல் அகுஸ்தீன் உரோமைக்குப் புறப்பட்டார். தாய் கடற்கரைவரை தொடர்ந்து வந்து அவரைப் பற்றிக்கொண்டார். நண்பரை வழியனுப்பவே வந்ததாகப் பொய்யுரைத்த மகன், புனித சிப்ரியான் நினைவாலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு, இரவோடிரவாகக் கப்பலேறினார். அவ்விரவு முழுதும் மோனிக்கா வேண்டியது ஒன்றே: மகன் போகலாகாது. காலையில் கரையில் கப்பல் இல்லை. ஏமாற்றமும் துயரும் அவரை வாட்டின. எந்தப் பயணத்தைத் தடுக்க அவர் மன்றாடினாரோ, அந்தப் பயணமே அகுஸ்தீனை மிலான் ஆயர் அம்புரோசுவின் மறையுரைகளைக் கேட்கச் செய்தது. அன்று கேட்டது மறுக்கப்பட்டது, என்றும் கேட்டுவந்தது கிடைக்கும்பொருட்டே என்பது மகன் பின்னாளில் கண்ட விளக்கம். கரையில் நின்ற தாய்க்கு அவ்விளக்கம் கிட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

385இல் கடல் கடந்து அவரும் மிலான் சேர்ந்தார். அங்கே மகனுக்கு மணம் பேசுவதில் முன்னின்றார். மணமகளுக்கு மண வயதெய்த இன்னும் இரண்டாண்டு இருந்தது. மகனோடு நெடுங்காலம் வாழ்ந்து அவர்க்கு அதெயோதாத்துஸ் என்னும் மைந்தனைப் பெற்றுத் தந்த பெண், மைந்தனை விட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் பெயரை அந்நூல் ஓரிடத்தும் கூறவில்லை. அத்திருமணம் குறித்து மோனிக்கா இறைவனிடம் காட்சி வேண்டினார். தோன்றியவை தம் ஆவலின் நிழல்களே என உணர்ந்து அவற்றை நம்பாது ஒதுக்கினார். தம் விருப்பத்தையும் இறைவன் விடையையும் பிரித்தறிந்த அந்நேர்மை, அப்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைத் துடைப்பதன்று.

அத்திருமணம் நிகழவே இல்லை. 386இல் அகுஸ்தீன் மனம் மாறினார். 387 உயிர்ப்புப் பெருவிழா இரவில் அம்புரோசுவிடம் திருமுழுக்குப் பெற்றார். தாயும் மக்களும் ஊர் திரும்பும் வழியில் உரோமைத் துறைமுகமான ஓஸ்தியாவில் தங்கியபோது மோனிக்காவைக் காய்ச்சல் பற்றியது. கணவர் அருகே அடக்கம்பெற வேண்டுமென்பது அவரது நெடுநாள் விருப்பம். இப்போது அதைக் கைவிட்டார். உடலை எங்கே புதைப்பினும் கவலையில்லை, இறைவனின் பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என மக்களை வேண்டிக்கொண்டார். நோயுற்ற 9ஆம் நாள், 56ஆம் அகவையில் உயிர்நீத்தார்.

இறந்தோர்க்காக வேண்டும் வழக்கத்தைப் பிற்காலச் சீர்திருத்தச் சபைகள் ஏற்கவில்லை. ஆயினும் மகன் செய்தது இலக்கியம் பயில்வோர் எண்ணத்தக்கது. பத்தாண்டுகளுக்குப் பின் எழுதியபோது, தாயின் அந்த ஒரு வேண்டுகோளைத் தம்மோடு நிறுத்தாமல், முன்பின் அறியாத வாசகர் அனைவரிடமும் ஒப்படைத்தார். பெற்றோர் இருவர் பெயரும் அங்கே இணைந்து நிற்கின்றன.

ஓஸ்தியாவில் மோனிக்காவின் கல்லறைமீது பொறிக்கப்பெற்ற இலத்தீன் பாடல் ஏட்டுப்படிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 1945இல் அங்குள்ள புனித அவுரேயா ஆலயத்தின் அருகே, விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர் இருவர், அப்பாடலின் எழுத்துகள் தாங்கிய உடைந்த பளிங்குக் கல்லை வெளிக்கொணர்ந்தனர்.