தன்னையே படம் பிடித்த சர்தார்

திருவான்மியூரில் கடலோரத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் குணம் நன்றாகத் தெரியும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். கூடத்துச் சுவரில் மாட்டிய தாத்தாவின் போட்டோவில் ஈரம் ஏறிப் புள்ளி விழும். அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனால் கறையைப் போக்கி, மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவார்கள். சட்டை போடாத தாத்தாவுக்குக் கோட்டுப் போட்டுத் தரும் கெட்டிக்காரர்களும் உண்டு.

பழைய படத்தை அப்படி மாற்றலாமா? மாற்றினால் அது அதே தாத்தாதானா?

இந்தக் கேள்விக்கு விடை தரும் குடும்பம் ஒன்று வடக்கே இருந்தது. பஞ்சாபில் பிறந்து, ஹங்கேரியில் வளர்ந்து, ஒரு தமிழரை மருமகனாகப் பெற்ற குடும்பம் அது. அதன் தலைவர் சர்தார் உம்ராவ் சிங் ஷெர்கில். புகழ் பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தந்தை.

பிரபு வீட்டுப் பிள்ளை

உம்ராவ் சிங் 1870-ம் ஆண்டில் பிறந்தார். மஜீதியா என்னும் பெரிய சீக்கியப் பிரபு வம்சம். தம்பி சுந்தர் சிங் பொது வாழ்வில் இறங்கி, சர் பட்டம் பெற்றார். அண்ணனுக்கோ பதவியில் ஆசை இல்லை. சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தார். வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்தார். தச்சு வேலை செய்தார். யோகம் பயின்றார். எல்லாவற்றையும் விட அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது காமிரா. இளமையில் கையில் எடுத்த அதை ஏறக்குறைய 60 ஆண்டுகள் அவர் கீழே வைக்கவில்லை.

முதல் மனைவி காலமான பிறகு, லாகூருக்கு வந்த ஹங்கேரி நாட்டுப் பாடகி மேரி அந்துவானெத்தை 1912-ல் மணந்தார். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி பம்பாவுடன் இந்தியாவுக்கு வந்தவர் அந்த அம்மையார். தம்பதிகள் ஹங்கேரிக்குக் கப்பல் ஏறினார்கள். 1913-ல் புடாபெஸ்ட் நகரில் அம்ரிதா பிறந்தார். அடுத்த ஆண்டு இந்திரா பிறந்தார். அதே ஆண்டில் உலக யுத்தம் மூண்டது. குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. 1921-ல்தான் இந்தியா திரும்பி, சிம்லாவில் குடியேறியது.

வேஷம் பல, முகம் ஒன்று

போட்டோ எடுப்பது அன்று எளிய காரியமல்ல. காமிராவைக் காலூன்றிய நிலையில் நிறுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டைச் சொருக வேண்டும். வெளிச்சம் பார்க்க வேண்டும். படம் பதியும் வரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். வர்ணப் படத்துக்கு இன்னும் பொறுமை தேவை. பிரான்சு தேசத்து லூமியேர் சகோதரர்கள் 1907-ல் வர்ணத் தகடுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய மணிகளுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடியில் பரப்பிச் செய்தவை அவை. உம்ராவ் சிங் அந்தத் தகடுகளையும் கையாண்டார்.

மனைவியையும் மக்களையும் விதவிதமான உடைகளில் படம் எடுத்தார். இன்று புடவை, நாளை ஐரோப்பிய கவுன். ஆனால் அவர் அதிகம் அக்கறை காட்டியது தம்மைத் தாமே எடுத்த படங்களில்தான். ஒன்றில் தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கியப் பிரபு. இன்னொன்றில் கோட்டு அணிந்த கனவான். 1930-ல், 15 நாள் உபவாசம் இருந்தபின் எடுத்த படத்தில், மார்பில் துணியின்றி நிற்கும் துறவி. உடை மாறியது, ஊர் மாறியது, வயதும் ஏறியது. தாம் உண்மையில் யார் என்பதை ஒவ்வொரு படத்திலும் அவர் தேடினார் போலும்.

இந்தப் படங்களைக் காசுக்காக எடுக்கவில்லை. பத்திரிகைக்கும் எடுக்கவில்லை. அவை வீட்டுக்குள்ளேயே இருந்தன.

மகளின் புகழும் தந்தையின் துயரமும்

தந்தையின் காமிராவுக்கு முன்னால் வளர்ந்த அம்ரிதா, தூரிகையை எடுத்துத் தம் முகத்தைத் தாமே பல முறை தீட்டினார். 1929-ல் பாரிசுக்குச் சென்று ஓவியம் கற்றார். 1934-ன் முடிவில் நாடு திரும்பினார். பிறகு தென்னாட்டுக்கு வந்து, கன்னியாகுமரி வரை சுற்றினார். 1937-ல் அவர் தீட்டிய பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார் ஆகிய ஓவியங்கள் அந்தப் பயணத்தின் பலன்.

1941 டிசம்பர் 5-ந் தேதி லாகூரில் அம்ரிதா திடீரென்று காலமானார். வயது 28. பெற்ற மகளைப் பறிகொடுத்த தந்தைக்கு அப்போது 71. ஏழு ஆண்டுகளில் மனைவியும் மறைந்தார். தொட்டில் முதல் மகளைப் படம் பிடித்த தந்தையிடம் எஞ்சியவை அந்தக் கண்ணாடித் தகடுகளும் காகிதப் படங்களுமே. 1954-ல் உம்ராவ் சிங்கும் கண் மூடினார். தில்லியில் தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அம்ரிதாவின் ஓவியங்கள் அங்கே பெருமையோடு இடம் பெற்றன. தந்தையின் படங்களோ பெட்டிக்குள் இருந்தன.

பேரன் திறந்த பெட்டி

இளைய மகள் இந்திரா மணந்தது கே.வி.கே. சுந்தரம் என்ற தமிழரை. ஐ.சி.எஸ். அதிகாரியான அவர், பின்னாளில் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் கமிஷனராக 1958 முதல் 1967 வரை பணியாற்றினார். அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் 1943-ல் சிம்லாவில் பிறந்தார். பெரியம்மா அம்ரிதாவை அவர் பார்த்ததே இல்லை. தாத்தா இறந்தபோது அவருக்கு 11 வயது.

விவானும் ஓவியரானார். வீட்டுப் பெட்டியிலிருந்த படங்கள் அவரை விடவில்லை. 2001-ல் தாத்தாவின் படங்களை நகல் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் எடுத்த படங்களிலிருந்து தாத்தாவையும் பெரியம்மாவையும் பிரித்தெடுத்தார். அவர்களை ஒரே அறையில் சேர்த்து வைத்தார். காலம் பிரித்தவர்கள் படத்தில் கூடினார்கள். அந்த வரிசைக்கு அம்ரிதாவை மீண்டும் எடுத்தல் என்ற பொருளில் பெயர் வைத்தார். உலகின் பல நகரங்களில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.

இது சரிதானா என்று கேட்கத் தோன்றும். தாத்தா வைத்தபடி வைத்ததைப் பேரன் கலைக்கலாமா?

விவான் செய்த இன்னொரு காரியத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். தாத்தாவின் மூலப் படங்களை அவர் அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. பத்திரமாகப் பாதுகாத்து, அவற்றைத் தனியாகவே உலகுக்குக் காட்டினார். 2008-ல் அவை புத்தகமாகவும் வெளிவந்தன. அதன் பிறகே உம்ராவ் சிங், அம்ரிதாவின் தந்தை என்பதோடு நில்லாமல், இந்தியாவின் ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் என்ற பெயரும் பெற்றார். விவான் 2023-ல் காலமானார்.

பேரன் புதிதாகச் செய்தது நகலில். தாத்தா செய்தது தாத்தாவுடையதாகவே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. எது பழையது, எது புதியது என்பதில் யாரும் ஏமாறுவதில்லை.

உப்புக்காற்று வீசும் ஊரில் தாத்தா பாட்டி படத்தைப் புதுப்பிக்கும் குடும்பங்களுக்கும் இதுவே வழி. முதலில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கறை நீக்குவதும் வர்ணம் பூசுவதும் அந்த நகலில் நடக்கட்டும். மூலப் படத்தை உறையில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். படத்தில் இருப்பவர் பெயரையும் ஆண்டையும் எழுதி உடன் வைக்க வேண்டும். கோட்டுப் போட்ட தாத்தா சுவரில் இருக்கட்டும். துண்டு மட்டும் போர்த்திய தாத்தாவும் பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் ஒரு நாள் அவரைத் தேடி வருவார்கள்.