டார்வின் இல்லத்தில் இரு நம்பிக்கைகள்

உலகைப் படைத்தவர் யார் என்னும் வினா, தம்மம் தழுவிய நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் அடங்காத வினாவாகவே இருந்து வருகிறது. கணவர் திரிசரணம் கூறுவார்; மனைவியோ பழைய தெய்வத்தின் படத்துக்கு விளக்கேற்றி, யாவற்றையும் படைத்தவன் அவனே என்பார். உபாசகர் ஒருவர் நம்மிடம் வந்து, படைப்புக் கடவுளை விடமாட்டேன் என்று சொல்லும் மனைவியோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணத் தமக்கு மனமில்லை என்று வருந்தினார். அவருக்குத் தக்க மறுமொழி கூற அன்று நமக்கு வாய்க்கவில்லை. பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வந்து, கண் எரியப் படித்த நூல்களுள் சார்லஸ் டார்வின் என்பாரின் சரிதமும் ஒன்று. அதனை அவருக்குச் சொல்லியிருக்கலாமே என்று பின்னர்தான் தோன்றியது. ஆகவே இங்கே எழுதுகின்றோம்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பேர்பெற்ற மருத்துவர். தாயோ மட்பாண்டத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். டார்வினுக்கு 8 வயதாகும்போதே தாய் மறைந்துவிட்டார். பாட்டனார் எராஸ்மஸ் டார்வினும் மருத்துவரே. உயிர்கள் யாவும் ஒரே மூலத்தினின்று கிளைத்திருக்கலாம் என்று பேரன் பிறப்பதற்கு முன்னரே எழுதியவர். எனினும் பேரன் அக்கருத்தோடு வளர்ந்தவர் அல்லர். வண்டு பிடிப்பதிலும் பறவை சுடுவதிலுமே அவருடைய இளமை கழிந்தது.

1825இல் மருத்துவம் பயில எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணப் பொறாமல் கூடத்தை விட்டே ஓடிவிட்டார். அந்நகரில் அவர் பெற்ற உருப்படியான கல்வி வேறொன்று. ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கறுப்பர், தென்னமெரிக்கக் கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், பறவைகளைப் பாடம் செய்து பிழைத்து வந்தார். அவரிடம் கட்டணம் கொடுத்து டார்வின் அத்தொழிலைக் கற்றார். பல வேளை அவரோடு அமர்ந்து உரையாடி மகிழ்ந்தார். செல்வர் வீட்டு வெள்ளை இளைஞன் ஒருவன் நேற்றைய அடிமையின் காலடியில் மாணவனாய் அமர்ந்தான் என்பதனை நம் வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் உலகப் புகழ் பெறுவதற்குக் காரணமான பறவைத் தோல்களைக் கெடாமல் காத்தது அந்த ஆசிரியர் தந்த வித்தையே.

மருத்துவம் ஒவ்வாமற் போகவே, மகனைப் பாதிரியாராக்கத் தந்தை எண்ணினார். 1828இல் கேம்பிரிட்ஜ் சென்ற டார்வின் அங்கே பேலி என்னும் குருமாரின் நூல்களை விரும்பிக் கற்றார். வெளியிடத்தில் ஒரு கடிகாரம் கிடக்கக் கண்டால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று தெளிகிறோம். அதனினும் நுட்பமான கண்ணும் சிறகும் படைத்தவன் இல்லாமல் எங்ஙனம் வந்திருக்கும் என்பது பேலியின் வாதம். நம் நாட்டிலும் குடத்துக்குக் குயவன் உண்டெனில் உலகத்துக்கும் கர்த்தா உண்டு என்று வாதித்தவர்கள் இருந்தனர் அல்லவா? அன்றி, உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004ஆம் ஆண்டில் படைக்கப்பட்டது என்று அஷர் என்னும் பேராயர் 17ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டிருந்தார். அவ்வாண்டு ஆங்கில விவிலியங்களின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டு வந்தது. நிலநூல் கற்றோர் அக்கணக்கைக் கைவிடத் தொடங்கியிருந்தும், உயிரினங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே படைக்கப்பட்டன, அவை மாறுவதில்லை என்பதில் பெரும்பாலோர் உறுதியாயிருந்தனர். டார்வினும் அப்போது அவர்களுள் ஒருவரே.

1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் அவர் பீகிள் என்னும் கப்பலேறினார். இரண்டாண்டு என்று புறப்பட்ட பயணம் ஏறத்தாழ ஐந்தாண்டு நீண்டது. பிரேசில் நாட்டில் அடிமைகள் படும் பாட்டைக் கண்டு கொதித்தார். அடிமைகளைக் கேட்டபோது தங்களுக்கு விடுதலை வேண்டாம் என்றே அனைவரும் கூறினர் எனக் கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் சொல்ல, எசமானன் எதிரில் நிற்கையில் அவர்கள் சொல்லும் மறுமொழிக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டுவிட்டார். தலைவர் சினந்து, இனி உம்மோடு ஒன்றாக இருக்க இயலாது என்றார். சில மணி நேரத்தில் அவரே வருந்தி மன்னிப்பும் கேட்டார். ஆண்டீஸ் மலைத்தொடரில் பல்லாயிரம் அடி உயரத்தில் கல்லாகிக் கிடந்த கடற்சிப்பிகளை டார்வின் கண்டார். 1835இல் சிலி நாட்டில் நிலம் நடுங்கியபோது கடலோரம் பல அடி மேலெழுந்து, நீரில் வாழ்ந்த சிப்பிகள் கரையில் அழுகிக் கிடந்ததையும் கண்டார். ஒரு நடுக்கத்தில் சில அடி எழும் நிலம் மலையாக உயர எத்தனை நடுக்கங்கள், எத்தனை காலம் வேண்டும்! அவ்வாண்டு இறுதியில் கலாபகஸ் தீவுகளில், ஒரு தீவின் பாடும் பறவை அடுத்த தீவின் பறவையினின்று வேறுபட்டிருந்தது அவர் சிந்தையில் தைத்தது. தீவுக்கொரு படைப்பா என்னும் ஐயம் முளைவிட்டது.

1836இல் ஊர் திரும்பியதும் இரகசியக் குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினார். உண்ணவும் உறையவும் இடம் பெறுவதினும் மிகுதியான உயிர்கள் பிறக்கின்றன. அவற்றுள் சிறு வேறுபாடுகள் உண்டு. சூழலுக்கு இயைந்த வேறுபாடுடையது பிழைத்துத் தன் இயல்பை மகவுக்குத் தருகிறது. இங்ஙனம் நெடுங்காலம் நடப்பின் ஓரினம் வேறினமாகத் திரிகிறது. 1838இல் அவர் கண்ட முடிவு இதுவே. இதனை நிறுவுவதற்காகப் பின்னாளில் புறா வளர்த்தார். இலண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்களிலும் சேர்ந்தார். நாம் வாழ்ந்த ஆலைக் குடியிருப்பில் புறாக்கூண்டு இல்லாத மாடி அரிது. எதனை எதனோடு சேர்த்தால் எவ்வாறு குஞ்சு வரும் என்பதை அங்கிருந்த தொழிலாளர் நன்கறிவர். மனிதன் சில தலைமுறையில் செய்வதை இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்யாதோ என்று டார்வின் கேட்டார்.

இனி நாம் சொல்லப் புகுந்த செய்திக்கு வருவோம். அவர் மணக்க விரும்பிய பெண் எம்மா, தாய்வழி மாமன் மகள். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். 1832இல் தம் அருமைத் தமக்கையை இழந்தவர். பரலோகத்தில் அவளை மீண்டும் காண்போம் என்பதே அவருக்கு ஆறுதல். ஐயங்களை மனைவியிடம் மறைத்துவிடு என்று தந்தை அறிவுரை கூறியும், மணத்துக்கு முன்பே டார்வின் அனைத்தையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார். எம்மா வருந்தினார், ஆயினும் மறைக்காமல் சொன்னமைக்கு நன்றி பாராட்டினார். இயேசு தம் சீடரிடம் விடைபெறும் பகுதியைத் தம் பொருட்டு ஒருமுறை படிக்குமாறு வேண்டினார். 1839ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் திருமணம் நடந்தது. சில வாரங்களில் எம்மா ஒரு மடல் எழுதிக் கணவர் கையில் கொடுத்தார். நேர்மையாக உண்மையைத் தேடுபவர் தவறு செய்தவராகார் என்று தாம் நம்புவதாகவும், எனினும் கண்ணால் கண்டு நிறுவக்கூடியவற்றை மட்டுமே நம்பும் ஆராய்ச்சிப் பழக்கம் அவ்வாறு நிறுவ இயலாதவற்றையும் தள்ளச் செய்துவிடுமோ என்றும், இருவரும் என்றென்றும் ஒருவருக்கொருவர் உரியவராக இருக்க மாட்டோமோ என்று அஞ்சுவதாகவும் அதில் எழுதியிருந்தார். வாதம் செய்யவில்லை, பழிக்கவும் இல்லை.

1842இல் இருவரும் இலண்டனுக்கு அப்பால் கென்ட் பகுதியில் டௌன் என்னும் சிற்றூரில் குடியேறினர். 1844இல் டார்வின் தம் கொள்கையை விரித்தெழுதி முடித்தார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. தாம் திடீரென இறந்தால் 400 பவுன் செலவிட்டு அதனை வெளியிட வேண்டும் என்று ஒரு மடல் எழுதினார். எவர் பெயருக்கு? படைப்புக் கடவுளை நம்பிய அந்த எம்மாவின் பெயருக்கே! தம் நம்பிக்கைக்கு மாறான நூலை அவள் வெளியிடுவாள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நம் உபாசகருக்கு இந்த ஓரிடத்தையேனும் காட்டியிருக்க வேண்டும்.

அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் பதின்மர். அவர்களுள் ஆனி என்னும் மகள் தந்தையின் கண்மணி. 1851இல் அவள் நோயுற்றாள். மருத்துவத்துக்காக மால்வர்ன் என்னும் ஊருக்குக் கொண்டுபோயினர். எம்மா நிறைசூலி, உடன்செல்ல இயலவில்லை. டார்வின் படுக்கையருகே இருந்து, நாள்தோறும் மகளின் நிலையை மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 23ஆம் நாள் ஆனி இறந்தாள். அவளுக்கு வயது 10. தாய் இறைவனிடம் ஆறுதல் தேடினார். தந்தைக்கு எஞ்சியிருந்த பற்றும் அற்றுப்போயிற்று என்பர் சரித்திரகாரர். ஒரே சாவு ஒரே வீட்டில் இருவரை இரு திசையில் நடத்திற்று. ஆயினும் அவர்கள் பிரிந்து அழவில்லை, சேர்ந்தே அழுதனர்.

1858இல் ஆல்பிரட் வாலஸ் என்பவர் கீழ்த்திசைத் தீவிலிருந்து அதே கொள்கையை எழுதியனுப்ப, இருவர் எழுத்தும் ஒரே அவையில் படிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் வெளிவந்தது. அச்சிட்ட 1250 படிகளையும் புத்தக வணிகர் உடனே எடுத்துக்கொண்டனர். எழுந்த கூச்சலை நாம் விரிக்கப்போவதில்லை.

டார்வினை உறுத்தியது படைப்பின் அழகன்று, அதன் கொடுமை. ஒருவகைக் குளவி உயிருள்ள புழுவின் உடலுள் முட்டையிட, பொரித்த குஞ்சுகள் அப்புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. அருள் நிறைந்த ஒருவன் இதனை வேண்டுமென்றே வகுத்திருப்பானோ என்று அவர் கலங்கினார். நம் நாட்டார் குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று பக்திக்கு உவமை சொல்லி வந்தனர். கூட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் உவமை வேறாகியிருக்கும்.

ஆனால் முதல் உயிர் எங்ஙனம் வந்தது என்பதை அவர் தம் நூலில் விளக்க முற்படவில்லை. 1860இல் வந்த இரண்டாம் பதிப்பின் முடிவில் படைத்தவர் என்னும் சொல்லைச் சேர்த்தார். பொதுமக்கள் கருத்துக்கு அஞ்சி அவ்வாறு செய்ததற்காக 1863இல் நண்பர் ஹூக்கருக்கு வருந்தி எழுதினார். 1871இல், வெதுவெதுப்பான சிறு குட்டையொன்றில் இரசாயனப் பொருள்கள் கூடி முதல் உயிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாமோ என்று அதே நண்பருக்கு ஓர் ஊகமாகவே எழுதினார். பூமியின் வயதிலும் அவருக்கு இடர் வந்தது. பூமி ஆறிக் குளிர்ந்த கணக்கைக் கொண்டு கெல்வின் பிரபு சுமார் 10 கோடி ஆண்டு என்றார். பரிணாமத்துக்கு அது போதாது. கதிரியக்கம் கண்டறியப்பட்டபின் பூமிக்கு ஏறத்தாழ 454 கோடி ஆண்டு, பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்று விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். அதனை அறிய அவர் இருக்கவில்லை.

உலகம் அநாதியா, தொடக்கமுடையதா என்று விடாது கேட்ட மாலுங்கியபுத்தருக்குப் பகவான் அம்பு தைத்தவனின் உவமையைச் சொன்ன வரலாறு நம்மவர் அறிந்ததே. எய்தவன் யார், வில் எம்மரம் என்று கேட்டுக்கொண்டிருப்பவன் அம்பைப் பிடுங்குமுன் மாள்வான். டார்வின் பௌத்தர் அல்லர். அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்வது நேர்மையன்று. பகவான் அவ்வினாவை ஒதுக்கியது துக்க நிவாரணத்தின் பொருட்டு. டார்வின் நிறுத்தியதோ சான்று போதாமையின் பொருட்டு. ஹக்ஸ்லி புதிதாக ஆக்கிய சொல்லைக் கொண்டு, தம்மை நாத்திகர் என்பதினும் அறியொணாமைவாதி என்பதே பொருந்தும் என்று 1879இல் எழுதினார்.

ஊர்க் கோவில் குரு பிரோடி இன்னஸ் அவருடைய நெடுநாள் நண்பர். ஞாயிறன்று குடும்பத்தார் கோவிலுக்குள் செல்ல, டார்வின் வெளியே உலாவிக்கொண்டிருப்பார். ஏழைகளுக்காகக் கோவிலார் நடத்திய நிலக்கரி, உடை நிதிக்கும் ஊர்த் தொழிலாளரின் உதவிச் சங்கத்துக்கும் பொருளாளராயிருந்து கணக்கெழுதினார். இருவரும் முப்பதாண்டு நண்பர்கள். ஒரே ஒருமுறைதான் கருத்து முற்றும் ஒத்தது. அப்போதும் நம்மில் எவருக்கோ உடல்நலம் கெட்டுவிட்டது என்றெண்ணி ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தோம் என்று டார்வின் உணவு மேசையில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 1880இல் எட்வர்ட் அவலிங் என்னும் நாத்திகர் தம் நூலை டார்வினுக்குப் படையலாக்க இசைவு கேட்டார். டார்வின் மறுத்தார். மதத்தை நேரே தாக்குவதால் பயன் விளைவதில்லை, அறிவு வளர வளர மனம் தானே விடுபடும் என்றும், தம் குடும்பத்தாருள் சிலர்க்கு அது நோவு தரும் என்றும் காரணம் கூறினார். மேடைதோறும் பிறர் தெய்வங்களை ஏசிய நமக்கு இவ்விடத்தைப் படித்தபோது தலை குனிந்தது.

1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தனர். எம்மா அங்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். சாகும் தறுவாயில் டார்வின் தம் கொள்கையைக் கைவிட்டு மனந்திரும்பினார் என்று தெருமுனைப் பிரசங்கிகள் கூறக் கேட்டிருப்பீர்கள். அது 1915இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த கதை. அருகிலிருந்த மகள் ஹென்ரியட்டா 1922இல் அதனை அடியோடு மறுத்துவிட்டார்.

டார்வின் தம் மக்களுக்காக எழுதிய சுயசரிதம் 1887இல் வெளிவந்தது. நம்பாதவர் நித்திய நரகில் வேகுவர் எனில் தம் தந்தையும் தமையனும் நண்பரும் அன்றோ வேகவேண்டும் என்று அதில் அவர் கடுஞ்சொற்களால் எழுதியிருந்தார். அப்பகுதி அச்சேற வேண்டாம் என்று எம்மா வேண்ட, மகன் நீக்கிவிட்டார். 1958இல் பேத்தி நோரா பார்லோ விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து வெளியிட்டார். மணமான புதிதில் எம்மா எழுதிய மடலும் அந்நூலில் இடம்பெற்றது. டார்வின் அதனை வாழ்நாள் முழுதும் பாதுகாத்திருந்தார். தாம் இறந்தபின் மனைவி காணும்பொருட்டு, அதனைப் பலமுறை முத்தமிட்டுக் கண்ணீர் விட்டதை அம்மடலிலேயே தம் கையால் எழுதிவைத்திருந்தார்.