நகல் தந்த நாயகர்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர் அறிவர். ஊர் வருமுன்னே தோலின் மணம் வந்து எதிர்கொள்ளும். அந்த மணத்தில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புத் தொட்டியின் அருகே, தம் இளமை முழுவதையும் கழித்தவர்.

கல்லூரி விட்டபின் மாலை வேளைகளில் நான் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணிப்பொறி வேலை பார்க்கிறேன். சரக்குடன் துறைமுகத்திற்குச் செல்ல வேண்டிய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் முதலியவற்றை இரவில் தானே அச்சிடும்படி சென்ற ஆண்டு ஒரு நிரல் எழுதினேன். நான் அமர்ந்து இயக்கியபோது அழகாக அச்சிட்டது. ஆளில்லாத நேரத்தில் இயங்கும் பின்னணிச் சேவையாக அதை மாற்றியதும் ஒரு தாள்கூட வரவில்லை. விடியும்வரை லாரி வாசலிலேயே நின்றது. சுமை ஏற்றியவர்களும் கூலிக்காகக் காத்து நின்றனர். அவர்களுள் என் தந்தையாரின் பழைய தோழர் ஒருவர் இருந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம்பி என்று அழைத்துத் தேநீர் வாங்கித் தந்தார். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

காரணம் மறுநாள் விளங்கிற்று. பின்னணிச் சேவை என் பெயரில் இயங்குவதில்லை. அதற்கெனத் தனிக்கணக்கு உண்டு. நான் இணைத்திருந்த அச்சுப்பொறியோ என் கணக்கில் மட்டுமே இருந்தது. போதாக்குறைக்கு, எந்த அச்சுப்பொறி என்று கேட்கும் பெட்டி ஒன்று, எவரும் காண இயலாத திரையில் திறந்து, இரவு முழுதும் விடைக்காகக் காத்திருந்தது! அச்சுப்பொறியைச் சேவையின் கணக்கிலேயே இணைத்து, கேள்விப் பெட்டியை நீக்கி, நடப்பவற்றையெல்லாம் ஒரு கோப்பில் குறித்துவைக்கச் செய்தபின் எல்லாம் சீராயிற்று.

கண்ணுக்குத் தெரியாமல் பின்னே நின்று தாளைத் தருவது எது என்று அன்று தேடத் தொடங்கினேன். அத்தேடல் என்னை ஒரு மாமனிதரிடம் கொண்டு சேர்த்தது. அவர்தாம் செஸ்டர் கார்ல்சன்.

1906 பிப்ரவரி 8-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அவர் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி, நோயால் முடங்கியவர். விளையாட வேண்டிய வயதிலேயே குடும்பத்திற்காக உழைக்கத் தொடங்கினார் சிறுவர் கார்ல்சன். பதினேழு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஆயினும் கல்வியை விடவில்லை. 1930-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்றார். அது உலகப் பொருளாதார மந்தக் காலம். 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிட்டவில்லை. பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பணியும் சில ஆண்டுகளில் பறிபோயிற்று.

அதன்பின் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார். ஆவணங்களின் படிகள் எப்போதும் போதவில்லை. கிட்டப்பார்வையும் மூட்டுவலியும் உடைய அவருக்குக் கையால் படியெடுப்பது பெருந்துன்பமாயிற்று. இதற்கொரு வழி காண வேண்டும் என்று துணிந்தார். மாலைதோறும் பொது நூலகத்தில் படித்தார்; சமையலறையையே சோதனைக்கூடமாக்கினார்.

1938 அக்டோபர் 22. அஸ்டோரியாவில் ஒரு சிறிய வாடகை அறை. உதவியாளர் ஓட்டோ கோர்னெய் உடனிருந்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினர். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளிபட்ட இடத்தில் மின்னூட்டம் அகன்றது. எழுத்தின் நிழலில் மட்டும் எஞ்சியது. தூவிய பொடி அந்த எழுத்தைப் பற்றிக்கொண்டது. மெழுகுத் தாளில் அதை ஒற்றி எடுத்தனர். ஈரமின்றி, அச்சுக்கோப்பின்றி, உலகின் முதல் உலர்நகல் பிறந்தது!

ஆனால் உலகம் வரவேற்றதா? இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்தன. 1942-இல் காப்புரிமை கிடைத்தது. 1944-இல் பாட்டெல் ஆய்வுக் கழகம் கைகொடுத்தது. 1947-இல் ஹாலாய்டு என்னும் சிறு நிறுவனம் முன்வந்தது. அந்நிறுவனமே பின்னாளில் ஜெராக்ஸ் எனப் பெயர் பெற்றது. 1959-இல் 914 என்னும் பொறி வெளிவந்தபோது, அந்த வாடகை அறைச் சோதனைக்கு இருபத்தோராண்டுகள் நிறைவடையும் தறுவாயில் இருந்தன.

செல்வம் வந்து குவிந்தது. அவரோ அதன் பெரும்பகுதியை, ஏறத்தாழ 10 கோடி டாலரை, அறச்செயல்களுக்கு வழங்கினார். கொடுத்தவர் பெயர் வெளித்தெரியாதபடியே பலவற்றைக் கொடுத்தார். 1968 செப்டம்பர் 19 அன்று, நியூயார்க்கில் ஒரு திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருக்கையில், அருகிலிருந்தவரும் அறியாவண்ணம் அவர் உயிர் பிரிந்தது. 1971-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர், சாதாரண ஒளிக்குப் பதில் லேசர் கதிரைப் பயன்படுத்தி அச்சுப்பொறி ஒன்றை உருவாக்கினார். எங்கள் அலுவலகத்தில் நள்ளிரவில் இயங்கும் பொறி அதன் வழிவந்ததே.

நண்பர்களே! தேர்வுக் காலத்தில் ஜெராக்ஸ் கடைகளில் முண்டியடித்து நிற்கிறோம். நிறுவனத்தின் பெயர் நம் நாவில் ஊறிவிட்டது. கண்டவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆம்பூர்க் காலணி அயல்நாட்டுக் கடையில் மின்னுகிறது. அதன் தோலைச் சுண்ணாம்பில் புரட்டிய கைகளை அங்கே யார் அறிவார்?

இப்போது லாரி குறித்த நேரத்தில் புறப்படுகிறது. ஒருநாள் அச்சான தாளை வீட்டிற்குக் கொண்டுசென்று கார்ல்சனின் கதையைத் தந்தையாருக்குச் சொன்னேன். வெடிப்புகள் ஆறாத தம் விரல்களால் தாளைத் தடவிப் பார்த்தார். அந்த மனிதருக்கு மூட்டுவலி பின்னாளிலாவது குறைந்ததா என்று மட்டும் கேட்டார்.