பொய்கையில் அப்பச்சன்

இடுக்கி மலைநாடு முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அச்சமஸ்தானத்தில், திருவல்லாவை அடுத்த இரவிபேரூரில், 1879-ஆம் ஆண்டு பறையர் குலத்தில் குமரன் பிறந்தார். 1855-இலேயே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தும், அவர்தம் பெற்றோர் நிலக்கிழார் குடும்பமொன்றின் அடிமைகளாகவே உழைத்தனர்.

அவர் கிறிஸ்துவம் தழுவி யோகன்னான் ஆனார், எழுத்தறிந்து உபதேசியுமானார். அங்கும் சாதி நிற்கக் கண்டு வெளியேறி, 1909-இல் பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபையை நிறுவினார்.

தாய் ஓரிடத்தும் சேய் வேறிடத்தும் விற்கப்பட்ட முன்னோர் துயரம் பெரிது. அதனை அவர் பாட்டாக்கினார். கேட்டோர் கண்ணீர் வடித்தனர். உட்சாதி மறந்து ஒன்று கூடினர். அக்கூட்டங்கள் தாக்கப்பட்டன, பாட்டு நிற்கவில்லை.

இத்துணைக் கொடுமை அறிந்தவர் போரை விரும்பினாரல்லர். முதல் உலகப் போர்க்காலத்தில், மாரங்குளத்திலிருந்து குளத்தூர்க்குன்று வரை உலக அமைதி வேண்டி ஊர்வலம் நடத்தினார். 1921-லும் 1931-லும் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராகி, தம் மக்களுக்குக் கல்வியும் நிலமும் கோரினார். 1939-இல் மறைந்தார். அவர் பாடல்களைச் சபையினர் இன்றும் பாடி வருகின்றனர்.

ஆலையில் உழைத்த நாளில் பாட்டின் வலிமையை நாமும் கண்டோம். அன்பர்களே! நம் பாட்டனார் பட்ட பாட்டை நம் மக்களுக்குப் பாடிச் சொல்வோமாக. பாடுங்கால் நெஞ்சில் பகை புகாது காப்போமாக.