கண்ணுக்குத் தெரியாத அரண்மனை

கையால் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று சொன்ன மனிதர் ஒருவர் இருந்தார். அதே மனிதர் பிற்காலத்தில், கண்ணால் பார்க்கவே முடியாத ஓர் அரண்மனையை ஓர் அரசனுக்குக் கட்டினார் என்று பழைய நூல் ஒன்று சொல்கிறது.

அவர்தான் தோமையார். ஏசுநாதரின் 12 சீடர்களில் ஒருவர். சென்னையில் சாந்தோம் என்ற பகுதிக்குப் பெயர் வந்தது அவரால்தான். பரங்கிமலையை ஆங்கிலத்தில் "செயின்ட் தாமஸ் மவுண்ட்" என்று சொல்வதும் அவர் பெயரை வைத்துத்தான்.

தோமா என்பது யூதர்கள் பேசிய அரமேயச் சொல். அதற்கு இரட்டைப் பிள்ளை என்று பொருள். அப்படியானால் அவரோடு பிறந்த இன்னொருவர் யார்? பைபிள் அதைச் சொல்லவில்லை. அவருடைய ஊர், தாய் தந்தை, தொழில் எதையுமே சொல்லவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் மட்டும் அவர் சில இடங்களில் வாய் திறந்து பேசுகிறார். அவ்வளவுதான்.

அதில் ஒரு இடம் முக்கியமானது. ஏசுநாதர் யூதேயா நாட்டுக்குத் திரும்பிப் போக நினைத்தார். அங்கே அவரைக் கல்லால் அடித்துக் கொல்ல முயன்றிருந்தார்கள். சீடர்கள் பயந்தார்கள். அப்போது, அவரோடு சேர்ந்து சாகவும் தயாராகப் புறப்படலாம் என்று மற்றவர்களைக் கிளப்பியவர் தோமையார்.

இந்தத் துணிச்சலை உலகம் மறந்துவிட்டது. அவர் சந்தேகப்பட்டதை மட்டும் மறக்கவில்லை!

ஏசுநாதர் சிலுவையில் இறந்த பிறகு உயிரோடு எழுந்து வந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னார்கள். தோமையார் அப்போது அங்கே இல்லை. ஆணி பாய்ந்த தழும்பில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து ஏசுநாதர் அவர் முன்பும் தோன்றினார். தொட்டுப் பார்க்கும்படி கையை நீட்டினார். தோமையார் உடனே பணிந்துவிட்டார். அவர் தொட்டார் என்று பைபிளில் இல்லை. விரலைக் காயத்தில் வைப்பது போல் படம் எழுதியவர்கள் ஓவியர்களே.

அதன் பிறகு அவர் என்ன ஆனார்? எங்கே போனார்? எப்படி இறந்தார்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்த நூல்களுக்குப் பைபிளில் இடம் கிடைக்கவில்லை.

அடிமையாக விற்கப்பட்டார்

இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் பழைய பெயர் எதெஸ்ஸா. கிழக்கே இருந்து பட்டும் வாசனைப் பொருள்களும் வரும் பாதையில் இருந்த வியாபார நகரம். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் தோமையாரைத் தங்கள் சொந்தக்காரர் போல் கொண்டாடினார்கள். கி.பி. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த ஊரில்தான் "தோமையார் நடபடிகள்" என்ற நூல் எழுதப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. மொழி, சிரியாக். எழுதியவர் பெயர் இல்லை.

அதில் உள்ள கதை இது.

ஜெருசலேமில் சீடர்கள் கூடினார்கள். யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போட்டார்கள். தோமையாருக்கு இந்தியா விழுந்தது.

போக மாட்டேன் என்றார் தோமையார்! உடம்பில் வலு இல்லை. யூதனாகிய நான் இந்தியர்களிடம் போய் என்ன பேசுவது என்று மறுத்தார். இரவில் ஏசுநாதர் தோன்றித் தைரியம் சொன்னார். அப்போதும் அவர் மனம் மாறவில்லை. இந்தியாவைத் தவிர வேறு எங்கே அனுப்பினாலும் போகிறேன் என்றார்.

அந்தச் சமயத்தில் ஹப்பான் என்ற வியாபாரி அங்கே வந்தான். இந்தியாவில் ஆண்ட கொண்டபோரஸ் என்ற அரசன், ஒரு நல்ல தச்சனை விலைக்கு வாங்கி வரும்படி அவனை அனுப்பியிருந்தான். கடைத்தெருவில் ஏசுநாதரே வியாபாரி முன் தோன்றினார். என்னிடம் ஒரு அடிமை இருக்கிறான், தச்சு வேலை தெரிந்தவன் என்று சொல்லி, தோமையாரைக் காட்டி விலை பேசினார். பத்திரமும் எழுதிக் கொடுத்தார். இவர்தான் உன் எஜமானா என்று வியாபாரி தோமையாரைக் கேட்டான். ஆமாம் என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் அவர் கப்பல் ஏறினார். தம்மை விற்ற விலைப் பணத்தைத் தவிர அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

அரண்மனை எங்கே?

கொண்டபோரஸ் அரசன் அவரைப் பார்த்து, என்ன வேலை தெரியும் என்று கேட்டான். மரத்தில் ஏர், நுகத்தடி, படகுத் துடுப்பு செய்வேன். கல்லில் தூணும் அரண்மனையும் எழுப்புவேன் என்றார் தோமையார். அரசனுக்கு ரொம்ப சந்தோஷம். ஊர் வாசலுக்கு வெளியே மரங்களும் தண்ணீரும் நிறைந்த ஒரு இடத்தைக் காட்டினான். தோமையார் ஒரு நாணலை எடுத்து இடத்தை அளந்தார். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, சமையல் கட்டு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்றெல்லாம் கோடு கிழித்துக் காட்டினார். குளிர்காலத்தில் வேலையைத் தொடங்கப்போவதாகச் சொன்னார். எல்லோரும் கோடையில் கட்டுவார்கள், இவர் குளிர்காலத்தில் கட்டுகிறாரே என்று அரசன் ஆச்சரியப்பட்டான். ஆனாலும் ஏராளமான பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

தோமையார் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போனார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

சிறிது காலம் கழித்து அரசன் ஆள் அனுப்பி விசாரித்தான். கட்டிடம் முடிந்துவிட்டது, கூரைதான் பாக்கி என்று பதில் வந்தது. அரசன் கூரைக்கும் தங்கம் அனுப்பினான். அதுவும் ஏழைகளுக்கே போயிற்று!

கடைசியில் அரசனே வந்தான். அரண்மனை எப்படி இருக்கிறது என்று நண்பர்களைக் கேட்டான். அரண்மனையும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த மனிதர் பணத்தை வாரி வழங்குகிறார், நோயாளிகளைக் குணப்படுத்துகிறார், கூலி வாங்குவதில்லை, ரொட்டியும் உப்பும் தின்று தண்ணீர் குடிக்கிறார், ஒரே ஒரு துணிதான் உடுத்துகிறார் என்றார்கள்.

அரசன் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் தலையை ஆட்டினான் என்று நூல் சொல்கிறது. ஏமாந்துபோன ஒரு மனிதனின் படம் கண் முன்னே தெரிகிறது அல்லவா? இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரைப் பாராட்டலாம்.

அரண்மனை கட்டியாயிற்றா என்று அரசன் தோமையாரை நேரில் கேட்டான். கட்டியாயிற்று, ஆனால் இப்போது பார்க்க முடியாது, இறந்த பிறகுதான் பார்க்கலாம் என்றார் அவர். அரசனுக்குக் கோபம் பொங்கியது. வியாபாரியையும் தச்சரையும் சிறையில் போட்டான். தோலை உரித்துத் தீயில் போட வேண்டும் என்று முடிவு செய்தான்.

அன்று இரவு அரசனின் தம்பி காத் என்பவன் நோயில் விழுந்தான். அண்ணனுக்கு நேர்ந்த அவமானமே அவனுக்கு நோயாகிவிட்டது. அவன் இறந்தான். தேவதூதர்கள் அவனை மேலே கொண்டுபோய் மாளிகைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார்கள். அவன் மிக அழகான ஒன்றைக் காட்டினான். கீழே ஒரு மூலை கிடைத்தாலும் போதும் என்று கெஞ்சினான். அது உனக்குக் கிடையாது, உன் அண்ணனுக்காகத் தோமையார் கட்டியது என்று பதில் வந்தது.

அவன் உயிர் பிழைத்து எழுந்து வந்து, அந்த அரண்மனையைத் தனக்கு விலைக்குக் கொடுக்கும்படி அண்ணனைக் கேட்டான். அரசனுக்கு அப்போதுதான் விளங்கியது. விற்க மறுத்துவிட்டான்! உனக்கு வேண்டுமானால் நீயும் ஒன்று கட்டிக்கொள், தச்சர் இருக்கிறாரே என்றான். சிறைக் கதவு திறந்தது.

நான்கு ஈட்டிகள்

கதையின் பிற்பகுதி துயரமானது. மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டுக்குத் தோமையார் போகிறார். வழியில் வண்டியை இழுத்த மிருகங்கள் களைத்துப்போக, காட்டுக் கழுதைகள் வந்து வண்டியை இழுத்தன என்று கூட எழுதியிருக்கிறது. அங்கே மிக்தோனியா என்ற பெரிய வீட்டுப் பெண் அவருடைய உபதேசத்தைக் கேட்டாள். அதன் பிறகு கணவனோடு வாழ மறுத்தாள். புத்தி சொல்லப் போன அரசியும் அதே வழியில் திரும்பினாள். குடும்பங்கள் கலைந்ததைக் கண்டு அரசன் கொதித்தான்.

ஊருக்குள் வைத்துக் கொல்ல அவனுக்குப் பயம். ஜனங்கள் தோமையார் பக்கம் இருந்தார்கள். ஆகவே வெளியே ஒரு மலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிரார்த்தனை செய்து முடித்தார். நான்கு சிப்பாய்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். பழைய அரசர்களின் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பிறகு மஸ்தாயின் மகன் நோயுற்றான். தோமையாரின் எலும்பு ஒன்றை மகன் மேல் வைத்தால் குணமாகும் என்று அரசன் கல்லறையைத் திறந்தான். உள்ளே உடல் இல்லை. சீடர் ஒருவர் அதை ரகசியமாக மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசன் அந்த இடத்து மண்ணை அள்ளி வந்து மகன் உடலில் வைத்தான். நோய் தீர்ந்தது.

காசு பேசியது

இத்தனையும் கட்டுக்கதை என்றே பலர் நெடுங்காலம் நினைத்தார்கள். கொண்டபோரஸ் என்று ஓர் அரசன் இருந்ததாக வேறு எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை.

1830-களில் சார்லஸ் மாசன் என்ற ஆங்கிலேயர் காபூல் பக்கத்தில் பழைய காசுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவர் அவர். அப்படி அந்த வட்டாரத்தில் கிடைத்த காசுகளில், ஒரு பக்கம் கிரேக்க எழுத்திலும் மறு பக்கம் கரோஷ்டி எழுத்திலும் அந்தப் பெயர் இருந்தது! பிறகு பெஷாவர் அருகே தக்த்-இ-பாகியில் ஒரு கல்வெட்டும் கிடைத்தது. அது அந்த அரசனின் 26-வது ஆட்சி ஆண்டில் வெட்டப்பட்டது. கி.பி. 46 அளவில் என்று கணக்கிட்டார்கள். தட்சசீலம் வரை ஆண்ட பார்த்திய அரசன் அவன். தோமையார் வாழ்ந்த அதே காலம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காசு அரசன் இருந்ததைத்தான் காட்டுகிறது. தச்சர் அங்கே வந்ததைக் காட்டவில்லை. எதெஸ்ஸா வியாபாரிகள் வாயிலாக அரசன் பெயர் மட்டும் ஆசிரியர் காதுக்கு எட்டியிருக்கலாம். தோமையாரைப் போல் தொட்டுப் பார்த்தே நம்புகிறவர்களுக்கு இங்கே பாதி தூரம்தான் வழி இருக்கிறது.

திருச்சபைக்கும் அந்த நூல் சங்கடமாகவே இருந்தது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வதுதான் உயர்ந்தது என்ற அதன் உபதேசத்தைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. திருச்சபைக்கு எதிரிகளாக இருந்த மானிக்கேயர்கள் அதை விரும்பிப் படித்ததும் ஒரு காரணம். தள்ளப்பட்ட நூல்களின் பட்டியலில் அது சேர்ந்தது. இருந்தாலும் ஜனங்கள் விடவில்லை. பல மொழிகளில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

தோமையார் பெயரில் இன்னொரு நூல் ஏசுநாதரின் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறது. ஐந்து வயதுச் சிறுவன் களிமண்ணில் 12 குருவிகள் செய்து, கை தட்டிப் பறக்கவிட்ட கதை அதில் இருக்கிறது. களிமண் பறவைக்கு உயிர் வந்த செய்தி குர்ஆனிலும் உண்டு.

மூன்றாவது நூல் கிடைத்த விதமே ஒரு கதை. 1945-ம் ஆண்டு, எகிப்தில் நாக் ஹம்மாதி என்ற ஊர் அருகே, வயலுக்கு எருவாகப் போட மண் தோண்டிய குடியானவர்களுக்கு மூடி வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே தோல் அட்டை போட்ட பழைய சுவடிகள். அவற்றில் ஒன்றில் "தோமையார் சுவிசேஷம்" இருந்தது. அதில் ஏசுநாதரின் பிறப்பும் இல்லை, சிலுவை மரணமும் இல்லை. 114 உபதேசங்கள் மட்டுமே. அவர் ரகசியமாகச் சொன்னதை இரட்டைப் பிள்ளையான தோமா எழுதியதாக நூலே கூறுகிறது. தோமையாரே எழுதினார் என்று ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அதில் சில உபதேசங்கள் மிகப் பழமையானவை என்று பலர் கருதுகிறார்கள். இப்போது அது கெய்ரோ நகரில் கோப்டிக் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

சிவந்த மண்

தென்னிந்தியாவில் வழங்கும் வரலாறு வேறு. கி.பி. 52-ல் அவர் கேரளத்தில் முசிறித் துறைமுகத்தில் இறங்கினார் என்றும், பிறகு மயிலாப்பூருக்கு வந்து கி.பி. 72-ல் உயிர் நீத்தார் என்றும் கேரளக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் காலத்தில் மிளகுக்காக ரோமாபுரிக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்துகொண்டிருந்தன. எனவே பயணம் நடக்க முடியாதது அல்ல. சாந்தோமில் அவருடைய கல்லறை என்று போற்றப்படும் இடத்தின் மேல் இப்போது நிற்கும் பெரிய கோயில் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. அவர் இறந்த இடம் பரங்கிமலை என்கிறார்கள்.

எலும்புகள் எதெஸ்ஸாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது பழைய நம்பிக்கை. கி.பி. 384 வாக்கில் எகேரியா என்ற யாத்திரீகப் பெண்மணி அங்கே அவருடைய கோயிலில் வழிபட்டதாக எழுதியிருக்கிறாள். பிற்காலத்தில் அவை இத்தாலியில் ஒர்தோனா என்ற ஊருக்குப் போயின.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தியக் கரை வழியாகப் பயணம் செய்தார். தோமையாரின் கல்லறை இருந்த சிற்றூரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அங்கே கிறிஸ்தவர்களும் வந்தார்கள், முஸ்லிம்களும் வந்தார்கள். புனிதர் கொல்லப்பட்ட இடத்தில் மண் சிவப்பாக இருந்தது. வந்தவர்கள் அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துப்போய், காய்ச்சலில் கிடப்பவர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள்.