காப்டன் ஜேக்கப்பும் காணாத கோளும்

இரவில் வானத்தை அண்ணாந்து நோக்குவார் உள்ளத்தே, அவ்வொளிப் புள்ளிகளைச் சூழ்ந்தும் உலகங்கள் உளவோ, அவற்றிலும் உயிர்கள் வாழுமோ என்னும் வினா எழாமற் போவதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூரிற் பிறந்து வளர்ந்த நமக்கும் அவ்வினா புதிதன்று. அதற்குக் கற்பனையால் விடை கூறினோர் பலர். அளவுகருவி கொண்டு விடை தேடியோர் மிகச் சிலர். அச்சிலருள் முற்பட்ட ஒருவர் நம் சென்னையிலேயே பணிபுரிந்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். அவரே காப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்பவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜேக்கப் 1813-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாமர்செட் நாட்டில், ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கும்பெனியார் தம் படை மாணவர்க்கென அடிஸ்கோம்பில் நடத்திய கல்லூரியிற் பயின்று, பொறியாளர் படையிற் சேர்ந்து, 1831-இல் பம்பாய் வந்திறங்கினார். நில அளவைப் பணி அவருக்கு வாய்த்தது. பகலில் நிலத்தை அளந்தவர் உள்ளம் இரவில் வானத்தையும் அளக்க விழைந்தது போலும்! 1842-இல் பூனாவில் தமக்கெனவே ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களே அவர் பெரிதும் விரும்பி ஆய்ந்த பொருள். அவ்வாறு தாம் நோக்கிய 244 இணைகளின் அட்டவணையை 1848-இல் இலண்டன் வானநூற் கழகத்திற்கு அளித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைமை அவரை வந்தடைந்தது.

அக்கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் இன்றும் ஆங்கு நிற்கின்றது. அதிற் பொறித்த மொழிகளுள் நம் தமிழும் ஒன்று. ஜேக்கப் அங்கே விண்மீன்களின் இடங்களைப் புதிதாக அளந்து, பழைய அட்டவணைகளின் பிழைகளைத் திருத்தினார். சனிக் கோளின் மங்கலான உள்வளையத்தினூடே கோளின் உருவம் தெரிதலை 1852-இல் கண்டார். ஆயின் சென்னையின் வெம்மை அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. நோயால் மீண்டும் மீண்டும் தாயகம் செல்ல நேர்ந்தது.

அக்காலத்தே இங்கிலாந்தில் ஒரு பெரிய வாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரித் தலைவர் வில்லியம் ஹியூவெல், பிற உலகங்களில் அறிவுடை உயிர்கள் உண்டென்பதற்குச் சான்றில்லை என்று 1853-இல் பெயர் குறியாது ஒரு நூல் வெளியிட்டார். ஸ்காத்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர், உயிர்கள் உண்டென்றே மறுத்து அடுத்த ஆண்டில் எழுதினார். இருவரும் கிறிஸ்துவ பக்தர்களே, இருவரும் விஞ்ஞானிகளே. ஆயினும் ஒரே வானத்தை நோக்கி இருவேறு முடிவு கண்டனர். ஜேக்கப்பும் 1855-இல் இப்பொருள்பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஆயினும் அவ்வாண்டில் அவர் செய்த வேறொரு காரியமே நம் கருத்திற்கு உரியது.

ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டத்தில் 70 எனும் எண்ணுடைய விண்மீன் ஒன்றுண்டு. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அது, உண்மையில் ஏறத்தாழ 88 ஆண்டுகளில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு மீன்களாம். சென்னையில் எடுத்த அளவைகளை முன்னோர் அளவைகளோடு ஜேக்கப் ஒப்பிட்டார். கணக்கு காட்டிய இடத்தில் மீன் இல்லை. சற்றே விலகி நின்றது. தட்டாமாலை சுற்றும் சிறுவர் இருவரை நினைமின். அவர்களுள் ஒருவன் கையை இருளில் நிற்கும் மூன்றாமவன் பற்றி இழுப்பின், அவனைக் காணாத நாமும் ஆட்டத்தின் தடுமாற்றத்தால் அவன் இருப்பை உணர்வோம் அன்றோ? யுரேனஸின் வழி பிறழ்ந்ததைக் கொண்டு நெப்தூன் கோளை 1846-இல் கண்டறிந்ததும் இம்முறையாலேயே. அவ்வாறே இம்மீனையும் கண்ணுக்குப் புலனாகாக் கோள் ஒன்று இழுக்கின்றது என ஜேக்கப் கருதினார். ஞாயிற்றுக்கு அப்பாற்பட்ட விண்மீனுக்குக் கோள் உண்டென அளவையின்மேல் நின்று உரைத்த முதற்கூற்றுக்களுள் அது ஒன்று. அதையும் அவர் உறுதியென முழங்கினாரல்லர். பெரிதும் இருத்தல் கூடும் என்ற அளவிலேயே நிறுத்தினார்.

அக்கோள் உண்மையில் இல்லை. 1896-இல் ஸீ என்னும் அமெரிக்கர் அவ்விண்மீனுக்கு ஒரு மறைந்த துணையுண்டென மீண்டும் கூறினார்; அத்தகைய துணை நிலைபெற்றுச் சுழல இயலாதென மோல்டன் என்பார் 1899-இல் கணித்துக் காட்டினார். பிற்காலத்து நுண்ணிய நோக்கும் அங்கே அக்கோளைக் காணவில்லை. அளவைகளிற் புகுந்த சிறு பிழைகளே கோளாகத் தோற்றின.

இம்மறுப்பைக் கேட்க ஜேக்கப் உயிரோடில்லை. 1859-இல் நோயால் சென்னைப் பதவியைத் துறந்த அவர், மறுவருடமே முழு ஞாயிற்று மறைவைக் காண ஸ்பெயின் நாடு சென்றார். தாழ்நிலத்துக் காற்றின் கலக்கம் விண்மீனின் உருவைக் குலைக்கும் என்பதை நன்குணர்ந்தவராதலின், பூனாப் பகுதியில் மலைமேல் ஒரு கூடம் அமைக்கத் திட்டமிட்டார். தம் பொருளால் வாங்கிய ஒன்பது அங்குலத் தொலைநோக்கியோடு 1862 ஆகஸ்டில் பம்பாயில் இறங்கினார். பூனாவை அடைந்த அளவில், ஆகஸ்டு 16-ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 48. மலையேற வேண்டிய கருவி நின்றது. ஏற்ற வேண்டிய கை ஓய்ந்தது.

ஆயினும் அவர் எண்ணம் ஓயவில்லை. சென்னையின் வானாய்வுப் பணி 1899-இல் கொடைக்கானல் மலைக்கு ஏறிற்று. நம் சேர்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் 1968 முதல் தொலைநோக்கிகள் வானை நோக்குகின்றன. 1995-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் மேயரும் கெலோவும் விண்மீனின் தடுமாற்றத்தைக் கொண்டே பெகாசஸ் கூட்டத்து 51-ஆம் மீனைச் சுற்றும் கோளைக் கண்டனர். 2018-இல் நம் நாட்டு அறிஞரும் இராஜஸ்தானத்து ஆபு மலையிலிருந்து, அத்தகைய தடுமாற்றத்தையே அளந்து, தொலைவிலுள்ள மீனொன்றின் கோளை உறுதிசெய்தனர். இதுகாறும் அறியப்பட்ட அத்தகைய கோள்கள் 5,000-க்கும் மேற்பட்டன. அவற்றுள் யாதொன்றிலும் உயிர் உண்டென்பதற்கு ஐயமற்ற சான்று இன்னும் கிடைத்திலது. ஹியூவெலும் புரூஸ்டரும் தொடுத்த வழக்கு இன்றும் தீர்ப்புப் பெறாமலே நிற்கின்றது.

ஜேக்கப் சுட்டிய கோள் பொய்த்தது. அவர் கைக்கொண்ட நெறி பொய்க்கவில்லை. தம் கருத்தைப் பிறர் அளந்து சோதிக்குமாறு எண்களோடு வைத்தமையாலேயே அதன் பிழையும் வெளிப்பட்டது. மாணவராகிய நாம் அவரிடம் கற்கத்தக்கது இதுவே. ஆவணி மாதத்து முன்னிரவில், முகிலில்லா நாளில், குப்பனூர் வானத்தின் உச்சியை ஒட்டி அவ்விண்மீன் மங்கலாகத் தோன்றும். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 17 ஆண்டுகள் செல்லும். பத்தொன்பது வயதினராகிய நாம் இன்று காணும் ஒளி, நாம் மழலை பேசிய நாளில் ஆங்கிருந்து புறப்பட்டதாம். அதனை நோக்கும்போது, நுங்கம்பாக்கத்தின் வெம்மையில் நோயோடு அமர்ந்து அதனை அளந்த அம்மனிதரையும் நன்றியோடு நினைப்போமாக.